வேலூர்க் குன்றுகளின் உருண்டைப் பாறைகளும் பனியாறுகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிக் குன்றுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகள், பனியுகத்தில் பனியாறுகள் உருட்டிவந்து விட்டுச்சென்றவை என்று அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். பள்ளியில் புவியியல் கற்பித்த காலத்தில் மாணவர்களிடமும் இதே எண்ணத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நம் குன்றுகளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி எழுவதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால், பனியாறு கடந்துபோன நிலம் அதற்கான சான்றுகளைத் தெளிவாகவே வைத்திருக்கும். அவற்றில் ஒன்றுகூட நம் குன்றுகளில் இல்லை.

ஆண்டுதோறும் விழும் பனி உருகித் தீராமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து, அழுந்திக் கட்டிப்பட்டு, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்கும்போது அது பனியாறு ஆகிறது. பனிக்கட்டி பாறையைவிட மிகவும் மென்மையானது. தனியே அதனால் பாறையைக் கீற முடியாது. அதன் அடியில் உறைந்து சிக்கிக்கொண்ட கற்களும் மணலும்தான், தச்சரின் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகள்களைப் போல, தரையைத் தேய்த்துக்கொண்டு போகின்றன. அதனால் பனியாறு கடந்த பாறைத்தரை வழவழப்பாக இருக்கும். அந்த வழவழப்பின் மேல் ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்களும் இருக்கும். பனி எந்தக் கோட்டில் நகர்ந்தது என்பதைக் கீறல்கள் சொல்லிவிடும். அக்கோட்டில் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை அறியத் தரையில் புடைத்து நிற்கும் பாறைகளைப் பார்க்க வேண்டும்: பனி ஏறிவந்த பக்கம் தேய்ந்து சாய்வாகவும், இறங்கிய பக்கம் துண்டு துண்டாகப் பெயர்க்கப்பட்டு முரடாகவும் இருக்கும்.

அடுத்த சான்று, பனி உருகும்போது விட்டுச்செல்லும் படிவு. ஓடும் நீர், கல்லையும் மணலையும் வண்டலையும் எடைக்கேற்பப் பிரித்துப் போடும். பாலாற்றுப் படுகையில் பள்ளம் தோண்டினால் மணல் ஓர் அடுக்காகவும் கூழாங்கல் ஓர் அடுக்காகவும் வருவது அதனால்தான். பனிக்கு அப்படிப் பிரிக்கும் திறன் இல்லை. வீட்டளவு பாறையும் மாவைப் போன்ற நுண்பொடியும் ஒன்றாகவே கிடக்கும் அக்குவியல்களை மொரைன் என்கிறோம். பனியாற்றின் முனையில் படிந்த மொரைன், பனி ஒருகாலத்தில் எதுவரை வந்தது என்பதற்கு எல்லைக்கல்லாக நிற்கிறது. ஆல்ப்ஸ் மலையின் பாறைத் துண்டுகள் சுவிட்சர்லாந்தின் சுண்ணாம்புக்கல் தரையில் தொலைவில் அநாதையாகக் கிடப்பதைக் கண்டே, 1837-இல் சுவிட்சர்லாந்து அறிவியலாளர் லூயி அகாசி பனியுகக் கருத்தை அறிஞர்கள் முன் வைத்தார். அடியிலுள்ள பாறைக்கும் மேலே கிடக்கும் பாறைக்கும் உறவே இல்லை என்பதுதான் அங்கே முக்கியத் தடயம்.

இந்த ஒரு சோதனையே நம் ஊர்க் கேள்விக்குப் போதும். காட்பாடியிலிருந்து லத்தேரி போகும் வழியிலுள்ள ஏதேனும் ஒரு குன்றில் ஏறி, உருண்டைப் பாறையின் பக்கவாட்டைக் கூர்ந்து பாருங்கள். வெளுப்பும் கருப்புமாகப் பட்டைகள் ஓடும். அதன் கீழிருக்கும் தாய்ப்பாறையிலும் அதே பட்டைகள், பெரும்பாலும் அதே சாய்வில் ஓடும். இரண்டும் ஒரே பாறை, எங்கிருந்தும் வந்ததல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கி, மூன்று பக்கமும் தாக்கப்படும் மூலைகளை முதலில் உளுக்கச் செய்கிறது. உளுத்தது மொரம்பாகிக் கரைந்தோட, உளுக்காத நடுப்பகுதி உருண்டையாக எஞ்சுகிறது. இதற்குப் பனி தேவையில்லை. வெயிலும் மழையும் நீண்ட காலமும் போதும். மேலும், கடந்த பனியுகத்தில் இமயமலையில் பனியாறுகள் இன்றைவிடக் கீழே இறங்கி வந்திருந்தபோதும், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில்கூடப் பனியாறு இருக்கவில்லை.

இந்தியத் தீபகற்பத்தில் பனியாறே ஓடியதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒடிசாவின் தால்ச்சேரில், நுண்ணிய பச்சை நிற வண்டலுக்குள் பெரிய பாறைகள் பதிந்துகிடந்ததைக் கண்ட நில ஆய்வாளர்களான பிளான்போர்டு சகோதரர்களும் தியோபால்டும், இது பனியின் வேலையாக இருக்க வேண்டும் என்று 1856-இல் எழுதினர். வெப்ப நாட்டில் பனியா என்று பலர் தயங்கினர். 1870-களில் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் பகுதியில், இராய் என்ற ஊரருகே, அதே வகைப் படிவுக்கு அடியிலேயே மெருகேறிக் கீறல் விழுந்த சுண்ணாம்புக்கல் தரை கண்டறியப்பட்டபோது அந்தத் தயக்கத்துக்கு வலுவில்லாமல் போயிற்று. அது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பனி. அன்று இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றுடன் ஒட்டித் தென்துருவத்தை அடுத்து இருந்தது. தென் அமெரிக்காவில் பனி கடல் பக்கமிருந்து ஏறிவந்ததாகக் கீறல்கள் காட்டும் புதிரும், ஆப்பிரிக்காவை அதன் பழைய இடத்தில் பொருத்திப் பார்த்தால்தான் விளங்குகிறது.

இதை வெறும் பழங்கதையாக எண்ணி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 2013 ஜூன் 17 காலை, கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரியின் நீரைத் தடுத்து நின்ற கரை உடைந்து, முந்திய நாளே வெள்ளத்தில் தத்தளித்த ஊரின் மேல் பாய்ந்தது. அந்தக் கரை, பனியாறு பக்கவாட்டில் குவித்துவிட்டுப் போன மொரைன். சேர்த்துக் கட்டும் பிடிமானம் எதுவும் இல்லாத கல்லும் மண்ணும். ஊரும் அத்தகைய பழைய படிவுகளின் மேல்தான் அமைந்திருக்கிறது. நம் மாவட்டத்திலிருந்தும் ஆண்டுதோறும் பக்தர்கள் அங்கே செல்கிறார்கள். அந்நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கே கட்டடம் எழுப்பலாம், எங்கே கூடாது என்று சொல்ல முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலூர்க் கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில், இமயமலைப் பனியாற்றுப் படிவிலிருந்து கீறல் விழுந்த கல் ஒன்று, பாலாற்றுக் கூழாங்கல் ஒன்று, நம் குன்றில் உளுத்து உருண்ட பாறைத் துண்டு ஒன்று ஆகிய மூன்றையும், மாணவர்கள் கையால் தடவிப் பார்க்கும்படி அருகருகே வைக்கத் தொல்லியல், அருங்காட்சியக அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். குன்றுகளும் நாளுக்கு நாள் ஜல்லியாகிக் கொண்டிருப்பதால், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு குன்றையாவது கல்குவாரிக்கு விடாமல் பள்ளிகளின் களப்பயணத்துக்கென ஒதுக்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
காட்பாடி.