முதியோரைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு: 'வயசாச்சு' என்று சொல்லுமுன் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் அப்பாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, "மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு, அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரியுது. வயசாச்சு இல்லையா" என்று என்னிடம் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர் அப்பா. மளிகைக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் விடமாட்டார். இப்போது பென்ஷன் வந்ததா என்றுகூடக் கேட்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறார். இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். "நான் எதுக்கு இன்னும் இருக்கேன்" என்கிறார். இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுப்பதால் இந்தத் திட்டுகள் வரலாம். மூளையின் முன்பகுதியை உள்பகுதிகளோடு இணைக்கும் பாதைகளில் இத்தகைய சேதம் ஏற்பட்டால் முதுமையில் மனச்சோர்வு வரக்கூடும் என்ற கருத்து 1997-லேயே வந்துவிட்டது. மனச்சோர்வு உள்ள முதியவர்களுக்கு நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சராசரியாகச் சிறுத்திருப்பதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரி, நன்றாக இருக்கும் முதியவருக்கும் திட்டுகள் இருக்கும், படத்தை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. அதனால்தான் ஆளிடம் கேளுங்கள் என்கிறேன். முதியோருக்கென்றே 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் போதும், சில நிமிட வேலை.

முட்டி வலித்தால் வயசு, காது மந்தமானால் வயசு, தூக்கம் போனாலும் வயசு. அறுபதைத் தாண்டியவருக்கு நோய் என்று ஒன்று வரவே வராதா? மருந்துக்கும் பேச்சு சிகிச்சைக்கும் குணமாகக்கூடிய மனச்சோர்வை, வீட்டில் நாங்களும் வயசு என்றே நம்பி விட்டுவிடுகிறோம்.

கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறை வாசலில் காத்திருக்கும் கூட்டத்தை நானும் பார்த்தேன். ஆனாலும் தயவுசெய்து, 'வயசாச்சு' என்று சொல்லுமுன் அந்தக் கேள்விகளை முதியவர்களிடமே கேளுங்கள். நேரமில்லையென்றால் செவிலியரை விட்டாவது கேட்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு தெரிந்தால் மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணையும் அதே சீட்டில் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்