'லிட்டரலி'யைக் கெடுத்தது இந்தத் தலைமுறை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'லிட்டரலி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளதை உள்ளபடி என்று பொருள் தந்த சொல்லை இன்ஸ்டாகிராம் பிள்ளைகள் மிகைப்படுத்திப் பேசுவதற்கெல்லாம் போட்டு நேர் எதிராகத் திருப்பிவிட்டார்கள், ஆக்ஸ்போர்டு அகராதியும் அதற்குப் பணிந்துவிட்டது என்று கட்டுரையாளர் ரொம்பவே நொந்துபோயிருக்கிறார். பழியை ஆள் மாற்றிப் போடுகிறார் என்று தோன்றுகிறது.

ஆக்ஸ்போர்டு அந்த மிகைப் பொருளைச் சேர்த்தது 2011இல், பத்திரிகைகள் கவனித்துக் கூப்பாடு போட்டது 2013இல். அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 1909இலேயே சேர்த்தாயிற்று. அதே 1909இல் ஆம்புரோஸ் பியர்ஸ் என்ற எழுத்தாளர், மிகைப்படுத்துவதே மோசம், அதை உண்மை என்று வேறு சாதிப்பதைச் சகிக்கவே முடியாது என்று எரிந்து விழுந்தார். ஆக, இந்தப் புலம்பலுக்கே நூறு வயது தாண்டிவிட்டது!

மார்க் ட்வைன் 1876இல் எழுதிய 'டாம் சாயர்' கதையில், வேலிக்கு வெள்ளையடிக்கிற தன் வேலையை மற்ற பையன்கள் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கூலியும் அவர்களிடமே வசூலிக்கிற டாம் சாயங்காலத்துக்குள் 'லிட்டரலி' செல்வத்தில் புரண்டானாம். என்ன செல்வம் தெரியுமா? பன்னிரண்டு கோலிக்குண்டு, எந்தப் பூட்டையும் திறக்காத சாவி, இரண்டு தலைப்பிரட்டை, ஒற்றைக் கண் பூனைக்குட்டி, நாய் இல்லாத நாய்ப்பட்டை. அந்த 'லிட்டரலி'யை எடுத்துவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

அப்புறம், 'எதிர்ப்பொருள்' என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "சிரிச்சுச் சிரிச்சு நெசமாவே செத்துட்டேன்டா" என்று நண்பன் சொன்னால் யாரும் மாலை வாங்க ஓடுவதில்லை, அதற்காக 'நெசமாவே' என்றால் 'பொய்யாக' என்று பொருளாகிவிடுமா? சொல்வதற்கு அழுத்தம் கூட்டுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'வெரி' வந்த வழியும் இதுதான், பழைய பிரெஞ்சில் அதன் மூலச்சொல்லுக்கு 'உண்மையான' என்று பொருள். இன்றைக்கு 'வெரி குட்' சொல்கிறவர் சத்தியமா பண்ணுகிறார்? 'ரியலி'யும் அப்படியே தேய்ந்ததுதான். உண்மையைக் குறிக்கும் சொல் எதுவானாலும் மனுஷன் அதை எடுத்து அழுத்தத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறான்.

ஒரே ஒரு இடத்தில் நான் கட்டுரையாளர் பக்கம். மழைச் செய்தி சொல்கிற டிவி நிருபர் "சப்வே லிட்டரலி மூழ்கிடுச்சு" என்கிறார், பைக்கை எடுக்கலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிறவருக்கு அதை வைத்து என்ன புரியும்? கணுக்கால் அளவா, ஆள் மூழ்குகிற ஆழமா? அங்கே அடி கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். அரட்டையில் பிள்ளைகள் எத்தனை 'லிட்டரலி' போட்டாலும் போட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்