கணக்கை மூடுவதற்கு முந்தின பதினைந்து நாள்

மதுரை

அன்பு மகள் பொன்னிக்கு,

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் மூடப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். தாராளமாக மூடு. ஆனால் ஒரே ராத்திரியில் மூடாதே தாயி, பதினைந்து நாள் எடுத்துக்கொள். கணக்கை எப்போது வேண்டுமானாலும் புதிதாகத் தொடங்கலாம், விட்டுப்போன ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதிலும் உன் சிநேகிதிகளில் பாதிப் பேரை 'தோட்டக்காரி', 'மழைக்குருவி' என்ற புனைபெயரில்தானே உனக்குத் தெரியும்!

முதலில் உன் தகவல் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. எச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடு, ஜேசன் என்று கொடுத்தால் படிக்கத் தோதுப்படாது. கோப்பு தயாரானதும் உடனே இறக்கிவிடு, அந்த இணைப்பு சில நாளில் காலாவதியாகிவிடும். படங்கள் வந்துவிடும். நண்பர் பட்டியலில் மட்டும் பெயர்தான் வரும், போன் நம்பர் வராது. இது தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

'நான் கிளம்புகிறேன்' என்று பொதுவில் ஒரு பதிவு போட்டால் போதும் என்று நினைக்காதே. அது எல்லார் கண்ணிலும் படாது. விட மனசில்லாத பதினைந்து, இருபது பேருக்குத் தனித்தனியாக எழுதி நம்பர், மின்னஞ்சல், பிறந்தநாள் மூன்றையும் கேள். பிறந்தநாளை இத்தனை வருஷம் ஃபேஸ்புக்தான் ஞாபகப்படுத்தியது. இனி தினசரி காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளிலேயே பெயரை எழுதிவிடு, கிழிக்கும்போது கண்ணில் படும். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பாதே. உன் நம்பரைச் சேமிக்காதவர்களுக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது.

ஃபேஸ்புக் வழியாக உள்ளே நுழைகிற மற்ற செயலிகளுக்கு முன்கூட்டியே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாற்றிக்கொள், இல்லையென்றால் அவையும் பூட்டிக்கொள்ளும். போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டால் கணக்கு அழிந்ததாக ஆகாது. தற்காலிகமாக முடக்குவது வேறு, நிரந்தரமாக நீக்குவது வேறு. நீக்கச் சொன்ன பிறகும் 30 நாள் மனம் மாற இடம் கொடுப்பார்கள். அந்த 30 நாளும் எட்டிப்பார்க்காமல் இரு. நீ அனுப்பிய செய்திகள் அவரவர் பெட்டியில் அப்படியே இருக்கும், அதில் உனக்கும் ஒரு ஆறுதல்.

நீங்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் விலங்குக் குட்டி வீடியோக்களுக்குத்தான் நீ அதிகம் ஏங்குவாய், அது எனக்குத் தெரியும். அதற்கு வண்டலூர் இருக்கிறதே! தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கொஞ்ச நேரம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையில் திறந்தவுடன் போய்விடு, வெயில் ஏறினால் எல்லாம் நிழலில் சுருண்டு படுத்துவிடும். பூங்கா 602 ஹெக்டேர், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும். ஒரு கூண்டின் முன்னால் அரை மணி நேரம் நில். புலிக்குட்டி பிறந்தது என்று பேப்பரில் வந்த மறுநாளே ஓடாதே. பிறக்கும்போது அது சுமார் ஒரு கிலோதான், கண்ணும் திறந்திருக்காது, வாரக்கணக்கில் தாயோடு மறைவிலேயே இருக்கும். மான்குட்டி புல்லில் தனியாகக் கிடந்தால் தாய் விட்டுவிட்டுப் போனதாகப் பதறாதே. மோப்பம் பிடித்து வருகிற விலங்குக்குத் தெரியாமல் இருக்கத்தான் அப்படிப் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு இனத்தைக் கிச்சுக்கிச்சு மூட்ட, அது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் வீடியோவை நீ அனுப்பியிருந்தாய். அது சுகத்தில் தூக்குவதில்லை, பயத்தில் தூக்குகிறது. அதன் முழங்கைப் பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. அந்தச் சுரப்பு எச்சிலோடு கலந்தால் விஷம், கையைத் தூக்குவது அதை நக்கத்தான். கடிக்காமலிருக்கப் பல்லை வெட்டித்தான் சந்தையில் விற்கிறார்கள். நம்ம திண்டுக்கல், கரூர் பக்கத்துத் தேவாங்கு வேறு வகை. கடவூர்க் காட்டில் அதற்காகவே 2022-இல் சரணாலயம் அறிவித்தார்கள். தாய்த் தேவாங்கு ராத்திரி இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் போகும், குட்டியும் அங்கேயே பிடித்துக்கொண்டு கிடக்கும். இதைத் தோட்டக்காரிக்குப் போனில் சொல்லிப் பார், வீடியோ அனுப்பியதைவிட நேரம் போகும்.

பங்குனியில் வந்தால் அழகர்கோவில் போகலாம். குரங்குகள் வயிற்றோடு குட்டியை அணைத்துக்கொண்டு திரியும் காலம். பழம், பொரி எதுவும் கையில் கொண்டுவராதே. தின்னக் கொடுத்துப் பழக்கினால் குட்டியோடு ரோட்டுக்கு இறங்கிவிடும், வண்டியில் அடிபடும்.

அப்பா