பெயர்ப் பலகையை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில அட்லாண்டா நகரத்துப் பழைய புகைப்படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் நடந்துள்ள ஒரு தவறைத் திருத்தியே ஆக வேண்டும். ஒயிட்ஹால் தெருப் படத்தின் மேல்பகுதியைப் பக்க அளவுக்காக வெட்டிவிட்டீர்கள். கடைவாசலில் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருக்கும் கறுப்பினச் சிப்பாய் மட்டும் மிஞ்சியிருக்கிறார். 'ஓய்வில் ஒரு வீரர்' என்பது நீங்கள் கொடுத்த விளக்கம். வெட்டுப்பட்ட பலகையில் இருப்பது 'ஏலம், நீக்ரோ விற்பனை' என்ற வாசகம். அது மனிதர்களை விற்ற கடை.

அடிமைமுறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 செப்டம்பரில் தளபதி ஷெர்மனின் வடக்குப் படை நகரைப் பிடித்த பிறகு, அந்தப் படைக்காக வேலை செய்த புகைப்படக்காரர் ஜார்ஜ் பர்னார்ட் எடுத்த படம் இது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஜார்ஜியாவில் 1829ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த ஊரில், அந்த வாசலில், சீருடையணிந்த ஒரு கறுப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இது போகிறபோக்கில் அகப்பட்ட காட்சி அல்ல. அன்றைய ஈரத்தட்டு முறையில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவ வேண்டும். மொத்தமே பத்து, பதினைந்து நிமிடம்தான். வெளிச்சம் விழ வேண்டிய சில நொடிகளும் ஆள் அசையக் கூடாது. ஆகவே அவர் அங்கே அப்படி உட்கார்ந்தது யோசித்துச் செய்த காரியம். பலகை இல்லாமல் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

'வெறிச்சோடிய தெரு' என்ற விளக்கமும் பாதிதான் சரி. குடிமக்களை ஷெர்மன் வெளியேற்றியது உண்மை. ஆனால் நடப்பவர்களும் ஓடும் வண்டிகளும் ஈரத்தட்டில் பதியாமலே போவதுண்டு. மூலப்படத்தைப் பெரிதாக்கித் தரையோரம் பார்த்தால் புகைபோன்ற தடங்கள் தெரியலாம். வானம் வெளுத்திருப்பதற்குக் காரணம், கொலோடியன் நெகட்டிவ் நீல ஒளிக்கு அதிகமாகக் கறுப்பது; நெகட்டிவில் கறுத்தது அச்சில் வெளுக்கும். 1866இல் 61 படங்களோடு பர்னார்ட் வெளியிட்ட தொகுப்பில், சிலவற்றுக்கு வேறு நெகட்டிவிலிருந்து மேகம் சேர்த்தே அச்சிட்டார்.

ஆண்டு குறிப்பதற்குக் கட்டடங்களே துணை. போருக்கு முன் கட்டிய, வளைகூரை போட்ட பெரிய ரயில் கொட்டகை முழுதாக நின்றால் படம் 1864 நவம்பருக்கு முந்தியது. அம்மாதம்தான் அதை இடித்தார்கள். தண்டவாளத்தில் கோவேறு கழுதை இழுக்கும் டிராம் இருந்தால் 1871க்குப் பின். டிராமுக்கு மேலே மின்கம்பி ஓடினால் 1889க்குப் பின். கிம்பல் ஹவுஸ் ஓட்டலில் கவனம் தேவை: 1870இல் திறந்தது 1883இல் எரிந்துபோனது, 1885இல் திறந்த இரண்டாவது கட்டடம் 1959 வரை இருந்தது. ரயில் பாதையை ஒட்டிய கடைகளின் பழைய தரைத்தளத்தை இன்று தெருவில் தேடினால் கிடைக்காது. 1920களில் மேம்பாலங்கள் கட்டி வீதியையே ஒரு மாடி உயர்த்திவிட்டார்கள். பழைய வாசல்கள் அடியில் போயின.

இடவலம் மாறுவது இன்னொரு தொல்லை. கண்ணாடி நெகட்டிவில் மருந்து பூசிய பக்கம் மங்கலாக இருக்கும், வெறும் கண்ணாடிப் பக்கம் பளபளக்கும். பக்கம் தெரியாமல் ஸ்கேன் செய்தால் நகரமே திரும்பிவிடும். எழுத்து இல்லாத படத்தில் ஆண்களின் கோட்டைப் பாருங்கள்: அவர்களின் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். புத்தகத்தில் அச்சான படத்திலிருந்து ஸ்கேன் எடுத்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனின் புள்ளிகளும் மோதி அலையலையாகக் கோடு விழும். பர்னார்டின் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்திலேயே பெரிய டிஃப் (TIFF) படக் கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

மனிதர்களைப் பற்றிய பக்கத்தில் தாமஸ் அஸ்க்யூ விடுபட்டது பெரிய குறை. அட்லாண்டாவின் கறுப்பினப் புகைப்படக் கலைஞர். 1900 பாரிஸ் கண்காட்சிக்குக் கறுப்பினச் சமூகவியல் அறிஞர் டு போயிஸ் ஆல்பங்களாகத் தொகுத்த 363 படங்களில் இவர் எடுத்தவையும் உண்டு. அந்த ஆல்பங்களில் எடுத்தவர் பெயரும் இல்லை, இருப்பவர் பெயரும் இல்லை. 1917 மே 21 தீயில் அஸ்க்யூவின் நெகட்டிவ்கள் அழிந்துவிட்டதால், மிஞ்சிய ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் பெயரைப் போடுவது அவருக்குச் சேர வேண்டிய கடன்.

அடுத்த ஞாயிறு ஒயிட்ஹால் தெருப் படத்தை வெட்டாமல், பலகை வாசகத்தின் தமிழாக்கத்தோடும் பர்னார்டின் பெயரோடும் மறுபடி வெளியிடுங்கள். இரண்டு பத்தி அகலம் போதும்.

இப்படிக்கு,
பழைய புகைப்படங்களைப் பேணும் வாசகர்கள்