புழுவுக்கும் கம்பளி வேண்டுமே!

ஆசிரியருக்கு வணக்கம்.

பூச்சி வளர்த்துப் புரதத்துக்குச் சாப்பிடலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைச் சத்தமாகப் படித்தேன், பேரன் 'உவ்வே' என்று எழுந்தே போய்விட்டான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிறுமுகைப் பக்கம் என் அம்மா ஊரில், மழை விட்ட இரவில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, இறக்கையை முறத்தில் புடைத்துத் தள்ளி, அரிசியோடு வறுத்துத் தின்று வளர்ந்தவன் நான். அருவருப்பெல்லாம் பழக்கம்தான். சிங்கப்பூரில் 2024இல் 16 வகைப் பூச்சிகளை உணவுக்கு அனுமதித்தே விட்டார்கள். (இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதையும் எழுதியிருக்கலாம்.)

சரி, ஆனால் மலை விவசாயிகள் உடனே இந்தப் பூச்சி வளர்ப்பில் இறங்கலாம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. சில்வண்டானாலும் (கிரிக்கெட் பூச்சி) சரி, காய்கறிக் கழிவைத் தின்னும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவானாலும் சரி, 27, 30 டிகிரி சூடு இருந்தால்தான் மளமளவென்று வளரும். கோத்தகிரியில் டிசம்பரில் நாங்களே இரண்டு கம்பளிக்குள் கிடக்கிறோம், ஹீட்டர் போட்டுப் புழு வளர்த்தால் லாபமெல்லாம் கரண்ட் பில்லுக்கே போய்விடும்.

இங்கே நிறைய இருப்பது தீனி. கேரட் கழுவும் இடங்களில் உடைந்ததும் வெடித்ததுமாக ஒதுக்கியது குவிந்து, இரண்டு நாளில் புளித்து நாறுகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு எப்படியும் லாரி இறங்குகிறது, அதிலேயே இதையும் ஏற்றிவிட்டால் கீழே வெயிலில் புழு வளர்த்து முதலில் கோழிக்குப் போடலாம். மனிதர்கள் தின்பது அப்புறம்.

ஒரு வாசகர்,
கோத்தகிரி