வலென்சியாவில் நாற்பது நிமிடம்: ஐரோப்பாச் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஆட்களைக் கூட்டி வரும் டூர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவருடைய பஸ்ஸில்தான் போன மே மாதம் என் அப்பாவும் அம்மாவும் ஸ்பெயினைச் சுற்றினார்கள். யார் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இணையத்தில் தேடிப் பார்த்தேன், நீங்கள் எல்லாருமே இதைத்தான் செய்கிறீர்கள். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, பார்சிலோனாவில் ரசம் கிடைத்ததை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் வழக்கு ஒரே ஒரு நிறுத்தத்தைப் பற்றியது. பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட் வரும் வழியில் வலென்சியா, அங்கே 'கலை அறிவியல் நகரம்' என்கிற பெரிய கட்டட வளாகம். உங்கள் அட்டவணையில் அதற்குப் போட்டிருந்தது: போட்டோ ஸ்டாப், 40 நிமிடம்.

அதில் பத்து நிமிடம் கழிப்பறையைத் தேடுவதில் போனது. மிச்ச நேரத்தில் வெயில், வெள்ளைக் கட்டடங்களில் பட்டுக் கண் கூசும் வெயில். வழிகாட்டி, இதெல்லாம் கௌடி கட்டியது என்று சொன்னாராம். பார்சிலோனாவின் கட்டடக் கலைஞரான அந்தக் கௌடி 1926-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், இங்கே முதல் கட்டடம் திறந்ததே 1998-ல்தான். அதைக்கூட விடுங்கள். அப்பா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "இந்த ஊர்ல இத்தனை பாலம் இருக்கே, ஆறு எங்கே?" வழிகாட்டி சிரித்துவிட்டு எல்லாரையும் பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார்.

அப்பா பொதுப்பணித்துறையில் முப்பத்தோரு வருடம் வாய்க்காலும் மதகும் பார்த்தவர். பாலம் இருந்து ஆறு இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டூர் முடிந்து மாட்ரிட்டில் என் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார்கள், இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டார். சரி என்று வேக ரயிலில் டிக்கெட் போட்டேன், இரண்டு மணி நேரத்துக்குள் வலென்சியா. இந்த முறை கட்டடங்களுக்கு நேரே போகவில்லை. பழைய ஊரின் கோட்டை வாசலான செர்ரானோஸ் கோபுரத்துக்குப் போய், எதிரே படியிறங்கி ஆற்றுக்குள் நடக்க ஆரம்பித்தோம்.

ஆமாம், ஆற்றுக்குள்தான். அப்பாவின் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது. துரியா ஆறு 1957 அக்டோபர் 14-ல் ஊருக்குள் புகுந்தது, அரசுக் கணக்கில் 81 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் ஆற்றையே ஊருக்குத் தெற்கே தூக்கி வைத்தார்கள், சுமார் 12 கிலோமீட்டருக்குப் புதிய கால்வாய் வெட்டி. அந்தக் கால்வாய் வினாடிக்கு 5,000 கன மீட்டர் தாங்கும் என்று நான் சொன்னதும் அப்பா ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, "ஒண்ணே முக்கால் லட்சம் கன அடி" என்றார். அதற்கப்புறம்தான் அவருக்கு முகம் தெளிந்தது.

தண்ணீர் போய்விட்டது, பள்ளமும் பாலங்களும் மிஞ்சின. அந்தப் பள்ளத்தில் மாட்ரிட்டையும் துறைமுகத்தையும் இணைக்கும் பெரிய சாலை போடத்தான் திட்டம் இருந்தது. எழுபதுகளில், அதுவும் பிராங்கோ சர்வாதிகாரம் முடியாத காலத்திலேயே, ஊர்க்காரர்கள் 'படுகை எங்களுடையது, அது பச்சையாக வேண்டும்' என்று கிளம்பினார்கள். சாலை வரவில்லை, ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குத் தோட்டம் வந்தது. தலைக்கு மேலே பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுக் கல் பாலங்கள், காலடியில் கால்பந்து மைதானம், ஆரஞ்சு மரம், சைக்கிள் பாதை. நடுவழியில் கலிவர் பொம்மை ஒன்று மல்லாந்து படுத்திருக்கிறது, பிள்ளைகள் அதன் தொடையில் சறுக்கி விளையாடுகிறார்கள். அதற்கு முன்னாலேயே வருவது, ஊர்க்காரர்கள் 'சீப்பு' என்று கூப்பிடும் வெள்ளைப் பாலம். அது கலத்ராவா கட்டியது, கலை அறிவியல் நகரத்தின் பெரும்பாலான கட்டடங்களையும் வடிவமைத்த கட்டடக் கலைஞர். இந்த ஊர் ஓரத்துப் பெனிமாமெத்தில் 1951-ல் பிறந்தவர் அவர், வெள்ளம் வந்தபோது ஆறு வயதுப் பிள்ளை.

உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் நடந்தோம். கடைசி வளைவில் மரங்கள் விலகியதும் முதலில் தெரிந்தது ஓபரா அரங்கம், 75 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெரிய தலைக்கவசம் மாதிரி. அதற்கடுத்துத் தண்ணீர். முழங்கால்கூட நனையாத ஆழத்தில் பெரிய பெரிய குளங்கள். நான்கு கிலோமீட்டர் காய்ந்த படுகையில் நடந்து வந்தவனுக்குத்தான் அந்தத் தண்ணீரின் அர்த்தம் புரியும், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்கு அது நீச்சல்குளம். 'ஹெமிஸ்ஃபெரிக்' என்கிற கோளரங்கம் பாதிக் கண்தான், மீதிப் பாதியைக் குளத்தின் பிரதிபலிப்பு வரைந்து முடிக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவு இமை மாதிரி ஏறி இறங்கும். காற்று அடித்தால் கண் கலங்கிவிடும். அம்மா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுப்பிக் கூட்டிப் போவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

திமிங்கில எலும்புக்கூடு மாதிரி இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்தின் கொள்கையே 'தொடாமல் இருக்கக் கூடாது' என்பதுதான். அங்கே 34 மீட்டர் நீளத்தில் ஒரு ஃபூக்கோ ஊசல் தொங்குகிறது. அது ஆடும் திசை மெல்லத் திரும்புவது போலத் தெரியும். உண்மையில் திரும்புவது நம் காலுக்குக் கீழே இருக்கும் பூமி. வலென்சியாவின் அட்சரேகைக்கு ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 38 மணி நேரம். இதே ஊசலைச் சென்னையில் தொங்கவிட்டால் நாலு நாளுக்கு மேல் ஆகும், துருவத்தில் என்றால் ஒரே நாள். அப்பா தரையில் ஒரு கோட்டைக் குறி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றார். ஐந்து டிகிரி திரும்பியது. அதாவது உங்கள் நாற்பது நிமிடத்தில் இந்த ஒன்றை மட்டும்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும்.

எல்லாம் கலத்ராவா என்று நினைத்துவிட வேண்டாம். ஓஷனோகிராஃபிக் என்கிற கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தின் கூரைகள் ஃபெலிக்ஸ் கந்தேலாவுடையவை. மாட்ரிட்டில் பிறந்து, உள்நாட்டுப் போர் முடிந்து மெக்சிகோவுக்கு அகதியாகப் போய், அங்கே அப்பளம் மாதிரி மெல்லிய கான்கிரீட் கூரைகளால் பெயர் வாங்கியவர். 1997-ல் இறந்துவிட்டார், இது திறந்தது 2003-ல். தண்ணீருக்கு நடுவே அல்லி விரிந்தது போல நிற்கும் அந்தக் கூரையைத்தான் என்னைக் கேட்டால் முதலில் காட்டுவேன், கலத்ராவாவின் கட்டடங்களைவிட அடக்கமானது. உள்ளே இருக்கும் வெள்ளைத் திமிங்கிலங்களில் இரண்டு, 2024-ல் போருக்கு நடுவே உக்ரைனின் கார்கிவ்விலிருந்து கொண்டு வரப்பட்டவை. அங்கே மட்டும் மூன்று மணி நேரம் வேண்டும்.

குறைகளையும் உங்கள் ஆட்கள் சொல்லலாம், பயணிகள் ஒன்றும் குழந்தைகள் இல்லை. சுமார் 30 கோடி யூரோவில் ஆரம்பித்த வேலை 100 கோடியைத் தாண்டியது, அந்தச் சண்டை ஊரில் இன்னும் ஓயவில்லை. ஓபரா அரங்கம் திறந்த மறு வருடமே மேடை உள்வாங்கியது. 2007-ல் மழைத்தண்ணீர் உள்ளே புகுந்தது. 2013 டிசம்பரில் காற்றுக்கு அதன் மேலிருந்த உடைந்த ஓட்டுச் சில்லுகள் உதிர ஆரம்பித்து, கடைசியில் மொத்தத்தையும் உரிக்க வேண்டியதாயிற்று. (அந்தச் சில்லு வேலை கௌடிக்குப் பிடித்தமானது, உங்கள் வழிகாட்டி அதில்தான் குழம்பியிருப்பார்.) நம் பம்பாய்க்காரர் ஜூபின் மேத்தா இசை நடத்திய அரங்கமும் அதுவே. இதையாவது சொல்லியிருக்கலாம்.

2024 அக்டோபர் 29-ல் வெள்ளம் மறுபடி வந்தது. தெற்குக் கால்வாய் நகரத்தைக் காப்பாற்றியது, ஆனால் அதற்கு அந்தப் பக்கம் 'போயோ' என்கிற ஓடை, பைபோர்த்தா போன்ற ஊர்களை மூழ்கடித்தது. வலென்சியா மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரக் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாகச் சேறு அள்ளப் போக வரிசையில் நின்றது இந்தக் குளங்களுக்குப் பக்கத்தில்தான். இதை நான் சொன்னபோது அப்பா எதுவும் பேசவில்லை, பாலத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேட்க வந்ததற்கு வருகிறேன். மாட்ரிட்டில் அந்த இரண்டு ஷாப்பிங் நிறுத்தங்களில் ஒன்றை எடுத்துவிட்டு வலென்சியாவுக்கு முக்கால் நாள் கொடுங்கள். காலையில் செர்ரானோஸில் இறக்கிவிடுங்கள், நடக்க முடியாதவர்களை பஸ்ஸிலேயே கடைசிப் பாலம் வரை கொண்டு வாருங்கள். உச்சி வெயிலுக்குக் காட்சியகத்துக்குள் போய்விட்டு, சாயங்காலம் குளக்கரை. வெளியே சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது, உங்களுக்கும் செலவு கூடாது. ஐஸ்கிரீமுக்குப் பதில் ஒர்ச்சாட்டா வாங்கிக் கொடுங்கள். நம் கோரைக்கிழங்குக்குப் பங்காளியான ஒரு கிழங்கை அரைத்து எடுக்கும் பால், சுத்த சைவம். அம்மா இரண்டு தம்ளர் குடித்தார்.

செப்டம்பரில் அடுத்த குழு வருவதாக உங்கள் விளம்பரம் சொல்கிறது. வழிகாட்டி கிடைக்கவில்லை என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சனிக்கிழமை என்றால் முதல் ரயிலில் வந்து கோபுர வாசலில் நிற்கிறேன், சம்பளம் வேண்டாம். அப்பா மாதிரி ஒருவர் பஸ்ஸில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கால்வாயின் அகலம், சரிவு எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு வருகிறேன்.