வாணலியில் வெடிக்கும் தோட்டா: எது நடக்கும், எது நடக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வுபெற்ற உளவாளிகள் மறுபடி துப்பாக்கி தூக்கும் ‘ரெட்’ (2010) படம் பற்றித் தங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரைக்கு இரண்டு திருத்தங்கள். முதலாவது சிறியது. படத்தின் மூலம் நாவல் அல்ல. வாரன் எல்லிஸ் எழுதி, கல்லி ஹாம்னர் வரைந்த மூன்று இதழ் காமிக்ஸ். அதில் ரத்தம் அதிகம், சிரிப்பு மிகக் குறைவு. பென்ஷன் காசோலையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வந்து சேரவில்லை என்று பென்ஷன் அலுவலகப் பெண்ணுக்கு நாயகன் போன் போடும் அந்த அழகான கள்ளத்தனமெல்லாம் இயக்குநர் ராபர்ட் ஷ்வென்ட்கேயின் படத்துக்கே உரியது.

இரண்டாவதுதான் முக்கியம். சண்டைக்காட்சிகள் எல்லாமே காதில் பூச்சுற்றல் என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறது கட்டுரை. அப்படியல்ல.

வாணலிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். வீட்டைச் சுற்றி வளைத்த கொலைப்படையைக் குழப்ப, தோட்டாக்களை அடுப்பில் காயும் வாணலியில் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார் புரூஸ் வில்லிஸ். இது நடக்கக்கூடியதே. தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா வெடிமருந்து ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் தானாகப் பற்றிக்கொள்ளும். காஸ் அடுப்பில் வெறும் வாணலி சில நிமிடங்களில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஆனால் துப்பாக்கிச் சண்டை போலத் தொடர்ந்து வெடிக்காது. நடுவில் கிடப்பது முதலில் சூடேறும், ஓரத்தில் கிடப்பது பிந்தும். முதல் தோட்டா வெடிக்கும் வேகத்தில் மற்றவை தரையில் சிதறி ஆறிப்போகவும் கூடும். எந்த நொடியில் எது வெடிக்கும் என்று யாராலும் கணிக்க முடியாது.

இன்னொன்று, தோட்டாவின் முனையில் இருக்கும் ஈயக் குண்டு அங்கே பெரிதாகப் பாயாது. துப்பாக்கிக் குழல்தான் வாயுவை வெளியே விடாமல் அடைத்துக் குண்டின் பின்னால் தள்ளுகிறது. குழல் இல்லாவிட்டால் பித்தளை உறை கிழிந்து, வாயு கிடைத்த வழியில் ஓடிவிடும். வேகமாகப் பறப்பது எடை குறைந்த அந்த உறையும் அதன் துணுக்குகளும்தான். தீயணைப்பு வீரரின் தடித்த உடுப்பை அவை துளைப்பதில்லை என்று அமெரிக்காவில் செய்த சோதனைகள் காட்டின. ஆனால் கண்ணைக் குருடாக்க அந்த வேகம் தாராளம்.

சுழலும் காரிலிருந்து வில்லிஸ் சாவகாசமாக இறங்கி நடக்கும் காட்சியிலும் கணக்கு இருக்கிறது. கார் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று சுழன்றால், மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் கதவு நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் நகரும். அதே வேகத்தில் கார் எதிர்த்திசையில் வழுக்கிக்கொண்டும் இருந்தால், ஒரு கணம் இரண்டும் கழிந்து, கதவுப் பக்கம் தரையோடு ஒப்பிட அசையாமல் நிற்கும். உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அசையாதிருப்பது போலத்தான். அந்தக் கணத்தில் கால் வைத்தால் நிற்கலாம். அரை நொடி தவறினாலும் ஆள் தூக்கி எறியப்படுவார். தப்பி நின்றாலும், சுழன்று வரும் காரின் பின்பக்கம் அடித்துவிடும். படம் சற்று மிகைப்படுத்துகிறது, அவ்வளவே.

கலப்படமில்லாத பொய், ஜான் மால்கோவிச் பறந்துவரும் ராக்கெட்டை ரிவால்வரால் சுடுவது. தோளில் வைத்து ஏவும் ஆர்.பி.ஜி-7 வகையை எடுத்துக்கொண்டால், ராக்கெட் நொடிக்குச் சுமார் 115 மீட்டரில் கிளம்பி, பிறகு 300 மீட்டரை நெருங்கும். 50 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. குறி பார்த்து விசையை இழுக்க அது போதாது. தப்பித்தவறிப் பட்டாலும், வெடிப்பு ஏவியவர் பக்கமே திரும்பிப் போய் அவரை மட்டும் கொல்லும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆக, பார்வையாளர் நம்பாமல் சிரித்துவிடும் ராக்கெட்டால் ஆபத்தில்லை. நடக்கக்கூடிய வாணலிதான் ஆபத்து. துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளங்களை ஒட்டிய ஊர்களில், பழைய இரும்பு பொறுக்கும் பிள்ளைகள் கையில் வெடிக்காத தோட்டாக்கள் சிக்கிவிடலாம். அதையும் பூச்சுற்றல் என்று எழுதினால், சூடாக்கினால் ஒன்றும் ஆகாது என்றே ஒரு சிறுவன் எடுத்துக்கொள்வான். கிடைத்த தோட்டாவைத் தட்டவோ சூடாக்கவோ பிரிக்கவோ கூடாது. கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வரியைத் தங்கள் சினிமா பக்கத்திலேயே, படத்தின் பெயரோடு சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்